மாமியின் காலும் என் காலும்

விழுந்தது இருவரும் ஒன்றாகத்தான். தொண்டைமானாற்றிலிருந்து நெல்லியடிக்குப் போகும் வழியில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. நான் பிரேக்கை அழுத்த, கிரவல் கல்லில் ஸ்கூட்டி சறுக்கியது. பின்னால் இருந்தவர் மாமி, என் கணவரின் தாய். எழுபதைத் தாண்டியவர். சந்தையில் அவருக்கு ஏதோ அலுவல், பஸ்ஸில் வருவதாகத்தான் சொன்னார். எனக்கு ரியூசன் வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. "பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது மாமி, ஏறுங்கோ" என்று நான்தான் ஏற்றினேன்.

இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சதை தெரிந்தது. ஆசுபத்திரி மரவாங்கில் அருகருகே இருந்து மருந்து கட்டிக்கொண்டோம். மாமி சிரித்தார்.

"பள்ளிக்கூடத்திலை ஓடி விழுந்த ரெண்டு பெட்டையள் மாதிரிக் கிடக்கு."

என் புண் பொருக்குத் தட்டியது, அரித்தது, பிறகு ஒரு நாள் குளிக்கும்போது பொருக்குக் கழன்று கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. மாமியின் புண் அப்படியே இருந்தது. ஓரங்கள் சிவந்து, நடுவில் ஈரமாக, சுற்றிலும் வீங்கி. நீரிழிவாக இருக்குமோ என்றால், சீனி வருத்தமும் அவருக்கு இல்லை.

புண் ஆறி மாறிய என் காலை அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. காலையில் எழுந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுமில்லாத இடத்தில் சீலைத்துணியைச் சுற்றிக் கட்டினேன். சில நாட்கள்தான். மருந்து கட்ட அவர் காலடியில் நான் குந்தியிருந்தபோது மாமி குனிந்து என் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"உன்ரை கால் எப்பவோ மாறிட்டுது பிள்ளை. இந்த வெக்கைக்குள்ளை உந்தத் துணியை ஏன் சுத்திக்கொண்டு திரியிறாய்? அவிழ்."

அவர் முன்னாலேயே அவிழ்த்தேன். நல்ல தோல் என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை அன்பாக மாறியிருக்கலாம். ஆனால் கோபமாகத்தான் மாறியது. இவர் புண்ணை நோண்டுகிறார், தண்ணீர் படவிடுகிறார், அதனால்தான் ஆறவில்லை என்று நினைக்கத் தொடங்கினேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அயலில் யாரோ மீனும் முட்டையும் கிரந்தி, புண்ணைக் கிளப்பும் என்றார்கள். "கொஞ்ச நாளைக்குச் சாப்பிடாமல் விட்டால் என்ன குறைஞ்சா போகும்?" என்று நானும் சேர்ந்து கடிந்தேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிசி, மறுபேச்சில்லாமல் மரக்கறியோடு சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த முறை மருந்து கட்ட ஆசுபத்திரிக்குப் போனபோது இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் நான் முறையிட்டேன்.

"இவ சொல்வழி கேக்கிறேல்லை, டொக்டர். புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறா."

டொக்டர் புண்ணை நிதானமாகப் பார்த்தார். "ஒருத்தரும் தொடேல்லை. துப்புரவாத்தான் இருக்கு" என்றார். பிறகு எனக்கும் மாமிக்கும் சேர்த்துச் சொன்னார்.

"காயம் பட்டால் முதல்லை இரத்தத்திலை இருக்கிற வெள்ளைக் கலங்கள், வெள்ளை அணுக்கள், வந்து செத்ததுகளையும் கிருமியளையும் அகற்றும். பிறகுதான் தோலிலை, தசையிலை இருக்கிற மூலக்கலங்கள், ஸ்டெம் செல் எண்டுறது, பெருகிப் புதுசாக் கட்டும். ரெண்டும் ஒண்டுக்கொண்டு கதைச்சுக்கொண்டுதான் வேலை செய்யும். வயசு போனால் மூலக்கலங்களின்ரை சைகை பிழையாப் போகும். வேண்டிய நேரத்திலை வெள்ளைக் கலங்களைக் கூப்பிடாது. இல்லாட்டி, வேலை முடிஞ்சாப் பிறகும் அதுகளை மறிச்சு வைச்சிருக்கும். அதுகள் நிண்டு நல்ல சதையையும் வருத்தும். அதாலை வீக்கம் வத்தாது. இதிலை இன்னும் விளங்காதது கனக்க இருக்கு. ஆனால் அம்மாவிலை ஒரு பிழையும் இல்லை."

பிறகு என்னைப் பார்த்தார். "மீன், முட்டை ஒழுங்காக் குடுக்கிறியளோ?"

"கிரந்தி எண்டு... நிப்பாட்டிட்டம்."

"நீங்கள் என்ன வேலை?"

"உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறன்."

அவர் குனிந்து மாமியின் காலுக்குப் புதுக்கட்டுப் போட்டார். என்னைக் கடிந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். புதுச்சதை கட்டப் புரதம் வேண்டுமென்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுப்பவள் நான். காயம் ஆறுவதைக் கரும்பலகையில் கீறி, அம்புக்குறி போட்டு, இதற்குப் பின் இது என்று முடித்துவிடுவேன். அந்த அம்புக்குறி நடுவழியில் நின்றுபோன ஒரு காலைத் தினமும் கையில் ஏந்திக்கொண்டே, அந்தக் காலுக்குரியவரைக் குற்றவாளியாக்கினேன்.

ஓட்டோவில் திரும்பும்போது மாமி மெல்லக் கேட்டார்.

"அப்ப என்ரை பிழை இல்லைத்தானே, பிள்ளை? நித்திரையிலை தெரியாமல் சொறிஞ்சுபோட்டனோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

"இல்லை மாமி. நான்தான் விழுத்தினனான். நான்தான் மீனையும் நிப்பாட்டினனான்."

"நாய் குறுக்கை ஓடினால் ஆர் என்ன செய்யிறது?" என்றார். என்னைத் தேற்றுவதற்கு அவரிடம் எப்போதும் ஒரு வார்த்தை இருந்தது.

அன்றே விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மாமி முள்ளுகளை மெதுவாக எடுத்து வைத்து, கையை நக்கிச் சாப்பிட்டார். நான் வெளியே வர முகமில்லாமல் குசினி அடுப்படியிலேயே நின்றேன்.

மாரிமழை தொடங்கும் நாட்களில் புண் மூடியது. மூடிய தோல் வெங்காயச் சருகுபோல் மெல்லியது, பளபளப்பானது. கெண்டைக்கால் தசை வற்றிவிட்டது. இப்போது சந்தைக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். மிதிபலகையில் ஏறும்போது மாமி ஒரு கையால் கம்பியைப் பிடிக்கிறார், மற்றக் கையை என் தோளில் வைக்கிறார். கொண்டக்டர் பின்னாலிருந்து அவசரப்படுத்துகிறான். அன்று இவரை அவசரப்படுத்தி ஏற்றியவள் நான், அவனை முறைத்துப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. தலை குனிந்துகொண்டு, அவர் கால் மேலே வரும்வரை அசையாமல் நிற்கிறேன்.