முன்பக்கத்து மூன்று மூடிகள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். "ஆயா, எங்கெங்கியோ போயிக்கினு இருக்காத, இஞ்சினைச் சொல்லு" என்று இப்போதே அதட்டுகிறாள். சொல்கிறேன்.

என் மகன் திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டினான். பழைய டீசல் வண்டி. கல்யாணமோ கருமாதியோ, எங்கள் தெருவுக்கு அதுதான். ஒருநாள் புகையாய்க் கக்கிவிட்டு நின்றுபோனது. மருமகள் ரொம்ப நாளாகவே, "வித்துட்டு சென்னைக்குப் போலாம், கம்பெனி காரு ஓட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் படிப்பு அவளுக்குப் பெரிது.

"ஒருவாட்டி இஞ்சினைப் பிரிச்சு செஞ்சு பாக்கறேன். ஓடுச்சுன்னா இங்கியே இருப்போம். இல்லன்னா நீ சொல்ற மாதிரி" என்றான் மகன். அன்றிலிருந்து எனக்கு அந்த இஞ்சின்தான் சாமி.

வேலை செய்தவன் என் அண்ணன் மகன். விழுப்புரத்தில் மெக்கானிக். இஞ்சினின் உடம்பான பிளாக்கை அங்கே லேத்தில் கொடுத்துக் கடைந்து, கழுவி, எங்கள் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். இரும்பு இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குளிப்பாட்டிய குழந்தை மாதிரி இருந்தது.

"இன்னாடா இது, இத்தினி ஓட்டை?"

"ஆயில் போற வழி அத்தை. உங்க மல்லாட்டைக் கொல்லையில சொட்டுநீர் பைப்பு போட்டீங்களே, கடைசியில மூடி போடாம உட்டா இன்னா ஆவும்?"

"தண்ணி அங்கியே கொட்டிடும். மத்த செடி காஞ்சிடும்."

"அத்தேதான். கழுவறதுக்காக மூடியெல்லாம் கழட்டினோம். இப்ப பசை தடவி முடுக்கணும். ஒண்ணு உட்டாலும் இஞ்சின் காலி."

மூடி ஒவ்வொன்றும் ஜாக்கெட் பட்டன் அளவுதான். தூசி போகாமல் இருக்க எல்லாவற்றையும் முதலில் கையாலேயே திருகி வைத்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் சிவப்புப் பசை தடவி, ஸ்பானர் போட்டு முடுக்கினான். முடுக்கியதற்கு அடையாளமாக விளிம்பில் சிவப்பு பிதுங்கி நின்றது. முன்பக்கத்து மூன்று பாக்கி இருக்கும்போது பசை தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வாங்கியாறேன்" என்று போனவன், கண்டாச்சிபுரத்தில் மாமியார் வீட்டில் ஒரு சாவு விழுந்து, நாலு நாள் வரவில்லை.

நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றினேன். மனசு கேட்கவில்லை. என் மகனை இந்த ஊரில் நிறுத்தப்போகும் இரும்புக்கு ஒரு பொட்டு கூட இல்லையே என்று கொட்டகைக்குப் போனேன். எண்ணெய் பூசிய இரும்பில் வெறும் குங்குமம் ஒட்டாது. நல்லெண்ணெயில் குழைத்தேன். முன்பக்கத்தில் மூன்று மூடிகளும் வட்டமாக, நெற்றி மாதிரியே இருந்தன. ஆளுக்கொரு பொட்டு, விளிம்பு வரை நிறைய வைத்தேன். சந்தோஷத்தில் தாராளமாகவே வைத்தேன்.

அண்ணன் மகன் சாவு வீட்டுத் தூக்கமில்லாத கண்ணோடு வந்தான். முன்பக்கம் குனிந்து பார்த்து, "பசை தீர்றதுக்கு முன்னியே இதையும் போட்டுட்டனா? சரி, ஜல்தியா மூடு மச்சான்" என்றான். மேலே தகடு வைத்து மூடிவிட்டார்கள். நான் அப்போது அவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓடியது! ஒரு வாரம் ஓடியது. என்னை முன்சீட்டில் உட்காரவைத்து விழுப்புரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஜன்னலைத் திறந்துவிட்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் உள்ளே உரலில் கல்லைப் போட்டு இடிக்கிற சத்தம். ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது.

"இன்னாடா சத்தம்?"

"பேசாம வாம்மா."

இரண்டு நிமிஷம். பிறகு சத்தமே இல்லை. வண்டி தானாக ஓரம் போய் நின்றது. அவன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

கட்டி இழுத்து வந்து பிரித்தார்கள். சக்கரத்தைச் சுற்றவைக்கிற கிராங்க் தண்டு ஆயில் இல்லாமல் கருகிப்போயிருந்தது. அடியில் இருந்த ஆயில் தொட்டியில் ஒரு மூடி கிடந்தது. அண்ணன் மகன் அதைத் துணியால் துடைத்து, மரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்குப் பசையே போடல மச்சான். நான்தான் மறந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ மறக்கலடா. நான்தான் அதுமேல குங்குமம் வெச்சேன். நீ பசைன்னு நெனச்சிக்கின."

"நீ சும்மா இரு அத்தை. பொட்டு வெச்சு எந்த இஞ்சினாவது செத்திருக்குதா? முடுக்காதது என் தப்பு."

"எண்ணெயில கொழைச்சு வெச்சேன்டா. விளிம்பு வரிக்கும்."

என் மகன் சிரித்தே விட்டான். "எம்மா, அவன் பேஜாருல இருக்கான், நீ வேற."

எத்தனை தடவை சொன்னாலும் அவர்கள் நம்பவில்லை. அண்ணன் மகன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டான். செய்யாத தப்பைத் தூக்கிச் சுமக்கிறான்.

மருமகள் மட்டும் நம்பினாள். அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள்.

பழைய இரும்புக்காரன் வண்டியை ஏற்றிப்போன மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். "நீயும் வாம்மா" என்றான் மகன். மருமகள் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.