ஜூஸ் கடைக்காரரை விளையாட்டில் வைத்த கதை

என் தம்பி பிளஸ் ஒன் படிக்கும்போது, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஜூஸ் கடையில் குடிக்கப் பழகினான். கடைக்காரர் பிராந்தியைக் கோலாவில் கலந்து, யூனிபார்மோடு வரும் பையன்களுக்கும் கொடுப்பார். அப்படிக் குடித்துவிட்டு ஒரு மாலை நண்பனின் பைக்கை எடுத்தவன் லாரியில் மோதினான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பாவும் நானும் போய்க் கேட்டோம். அந்த ஆள் சாத்துக்குடி பிழிவதை நிறுத்தவே இல்லை.

"நானென்னங்க வாயில ஊத்தியா உட்டேன்? உங்க பையன் கேட்டான், குடுத்தேன்."

அந்த 'ங்க'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். சாட்சி சொல்ல ஒரு பையனும் வரவில்லை. அப்பா ஓய்ந்துபோனார். நான் ஓயவில்லை. வேலைக்குப் போகும் பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே போவேன்.

வீடியோ கேம்களுக்கு ஆட்களை வரைவது என் வேலை. பள்ளிப் பிள்ளைகள் குடிக்கப் பழகாமலிருக்க ஒரு விளையாட்டு வேண்டுமென்று போதை மறுவாழ்வு டாக்டர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். விளையாடுகிறவன்தான் பையன். பலர் அவனுக்கு ஊற்றிக் கொடுக்க வருவார்கள். அவன் தப்பித்து வீடு சேர வேண்டும். ஊற்றிக் கொடுப்பவனை வரையும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதலில் கோரைப்பல்லோடு ஒரு பேயை வரைந்தேன். டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார். "இப்படி ஒருத்தன் குடுத்தா எந்தப் பையனும் வாங்க மாட்டான்மா. சிரிச்ச மூஞ்சியா வரைங்க."

சரியென்று அந்தக் கடைக்காரரையே வரைந்தேன். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் விதம், தோள் துண்டு, உதட்டோரச் சிரிப்பு, எதையும் விடவில்லை. குரல் கொடுத்தது தம்பி. விபத்துக்குப் பிறகு யாரோடும் சரியாகப் பேசாதவன், மைக் முன்னால் உட்கார்ந்து, "குடி கண்ணு, ஒண்ணும் ஆவாது" என்றான். அச்சு அசல் அவரேதான்.

எங்கள் பகுதிப் பள்ளியில்தான் முதலில் விளையாட விட்டார்கள். "டேய், இது நம்ம ஜூஸ் கடை மாமாடா!" என்று ஒருவன் கத்தினானாம். அடுத்த வாரமே பிள்ளைகள் கடை முன்னால் நின்று "ஒண்ணும் ஆவாது கண்ணு" என்று கூவத் தொடங்கினார்கள். பெற்றோர்கள் விசாரித்தார்கள். வியாபாரம் படுத்தது. எனக்கு அன்று சோறு ருசித்தது.

வரைந்தது நான்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, அத எடுத்துப்போடுங்க. என்ர மவ அந்த ஸ்கூல்லதான் படிக்கறா. அழுதுட்டு வாராளுங்க."

நான் பதில் சொல்லுமுன் தம்பி கட்டைக்காலோடு வெளியே வந்தான். தன் போனை அவரிடம் நீட்டினான். "ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க."

அவர் தடுமாறித் தடுமாறி ஆடினார். திரையில் அவருடைய முகமே சிரித்துக்கொண்டு டம்ளரை நீட்டியது. எதையோ அழுத்தினார். பையன் குடித்தான். மறுபடி ஆடினார், மறுபடியும் குடித்தான். நெற்றி வியர்த்தது.

"இதுல வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

"எனக்கும் அப்பத் தெரியலீங்க," என்றான் தம்பி.

அவர் போனை வாசல் திண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். தம்பிக்கு அதுவே போதுமாக இருந்தது. அவருடைய மகளுக்காக விளையாட்டிலிருந்த முகத்தை மாற்றிவிடச் சொன்னான். மாற்றினேன். குரலை மாற்றவில்லை.

அவர் கடையை மூடிவிட்டார். இப்போது உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கு எதிரில் கடை போட்டிருக்கிறாராம். டாக்டர் அடுத்து எந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் போகலாமென்று கேட்டார். யோசிக்காமல் உடுமலை என்றேன்.