மண் நிரப்பிய கேத்தில்

ஈரச் சீமெந்து நிலத்தில், மண் நிரப்பிய அலுமினியக் கேத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு போகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தொடங்கும்போது பல் கூசும். தண்ணீர் தேங்கிய இடத்துக்கு வந்ததும் அடங்கி, "சர்ர்" என்று நீண்டு, எங்கோ போய் நின்றுவிடும். அது எங்கே நிற்கிறது என்று முப்பது பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். மூன்றாம் வகுப்பின் மாரிகாலம் முழுவதும் எனக்கு அந்தச் சத்தமாகவே நினைவிருக்கிறது.

நீர்வேலியில் எங்கள் பாடசாலை மைதானம் கார்த்திகை பிறந்தால் குளமாகிவிடும். அதற்குப் பிறகு உடற்கல்வி என்பது நேரசூசியில் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தை வாய்ப்பாடு விழுங்கிவிடும். அந்த வருடம் கரவெட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற வதனி ரீச்சர் எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்திருந்தார். இளம் வயது, எதையும் விட்டுக்கொடுக்காத குணம். அவருடைய அண்ணை கனடாவிலிருந்து அனுப்பிய கலண்டர் ஒன்றைச் சுவரில் மாட்டினார். பன்னிரண்டு மாதத்துக்கும் பனிதான். ஒருவர் மலையிலிருந்து சறுக்கி வருகிறார், இன்னொருவரை நாய்கள் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. வெளியே ஓட முடியாவிட்டால் என்ன, மண்டபத்துக்குள் சறுக்குவோம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அவர் கண்ட பனியெல்லாம் கோயில் திருவிழாவில் வாங்கிய ஐஸ்பழத்தோடு சரி. அதனால்தானோ என்னவோ, அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

வாழைக்குப் பேர்போன ஊரில் சறுக்குக் கட்டைக்கா பஞ்சம்? காய்ந்த வாழைமடலைக் காலில் நாரால் கட்டி, இரண்டு கையிலும் பூவரசந்தடி பிடித்து, "விசுக் விசுக்" என்று மண்டபத்தைச் சுற்றி வந்தோம். கமுகமடலில் ஒருவரை இருத்தி நாலு பேர் இழுத்தோம். இழுத்தவர்கள் நாய்கள் என்பதால் குரைக்கவும் வேண்டியிருந்தது. பனி விளையாட்டு என்று கேள்விப்பட்ட என் அப்பா, "பனிக்குள்ளை நிண்டால் தடிமன் பிடிக்கும்" என்று என் காதைச் சுற்றித் துவாய் கட்டி அனுப்பினார். அடுத்த கிழமை வகுப்பில் பாதிப்பேர் துவாயோடு வந்தார்கள்.

ஆனால் விளையாட்டுகளின் ராசா மாசி மாதப் படத்தில் இருந்தது. கைபிடி வைத்த ஒரு கல் பனிக்கட்டியின் மேல் வழுக்கிப் போகிறது. அதற்கு முன்னால் பெண்கள் குனிந்து விழுந்து விழுந்து கூட்டுகிறார்கள். கல்லைப் பார்த்தால் அச்சு அசலாகக் கேத்தில்தான். ரீச்சர் தேநீர் போடும் அறையிலிருந்து மூக்கு உடைந்த கேத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மண் நிரப்பி, மூடியைக் கம்பியால் இறுக்கினார். நிலத்தில் தண்ணீர் தெளித்து, மண்டபத்தின் மறு தொங்கலில் சோக்கால் வட்டம் கீறினார். ஒருவர் கேத்திலைத் தள்ளிவிட வேண்டும். இன்னொருவர் அதற்கு முன்னால் ஓடி, எங்கள் கால்களோடு உள்ளே வந்த மண்ணையெல்லாம் நிலம் கூட்டுகிற தும்புத்தடியால் விலக்கி, தண்ணீரைப் பரவலாக்கி, கேத்திலை வட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தடி கேத்திலில் பட்டால் ஆட்டம் போச்சு.

நான் ஓட்டப்போட்டியில் எப்போதும் கடைசி. எனக்கு முதல் வந்த பிள்ளை தண்ணீர் குடித்து முடிக்கும்போதுதான் கோட்டுக்கு வந்து சேர்வேன். ஆனால் தும்புத்தடியைக் கையில் எடுத்தபோது எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. எந்த இடத்தில் அழுத்துவது, எந்த இடத்தில் மெல்லத் தடவுவது என்று கைக்குத் தெரிந்திருந்தது. கேத்தில் என் சொல் கேட்டது. பள்ளி மூடுவதற்கு முன் நடக்கிற பெற்றோர் விழாவில் இந்த விளையாட்டைக் காட்டுவோம், கூட்டுகிற ஆள் நான்தான் என்று ரீச்சர் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக என்னை ஒரு காரியத்துக்குத் தெரிந்தெடுத்திருந்தார்கள். சந்தோசம் தாங்க முடியவில்லை, ஆனால் வீட்டில் வாய் திறக்கவில்லை.

காரணம் அம்மா. கோப்பாயில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. வீட்டில் நான் தும்புத்தடியைத் தொட்டாலே பறித்துவிடுவார், "நீ புத்தகத்தைத் தொடு" என்பார். அவர் படித்த காலத்தில் சில வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் வகுப்பைக் கூட்டச் சொல்லித் தும்புத்தடியை நீட்டுவார்களாம். அந்தச் சில வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்தால் விழா இல்லை என்பது மட்டும்.

விழாவுக்கு முதல் நாள் மழை கொட்டியது. கடைசி ஒத்திகை. நான் குனிந்து கூட்டிக்கொண்டு போகிறேன், வகுப்பே கை தட்டிக் கத்துகிறது. நிமிர்ந்தால் வாசலில் குடையோடு அம்மா. வேலை நேரத்தோடு முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் கைதட்டல் தானாக நின்றுவிட்டது.

"மற்றப் பிள்ளையள் கை தட்டிச் சிரிக்க, என்ரை பிள்ளை மட்டும் கூட்டுறதோ, ரீச்சர்?"

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரீச்சர் ஓடிப்போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். அம்மா படத்தைப் பார்த்தார், நம்பவில்லை. வெள்ளைக்காரியும் கூட்டத்தான் செய்கிறாள், அதில் என்ன விளையாட்டு என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போக என் கையையும் பிடித்துவிட்டார். நான் அழத் தொடங்கினேன்.

ரீச்சருக்குச் சொல்லால் விளக்க முடியவில்லை. தும்புத்தடியைத் தானே எடுத்துக்கொண்டு, கேத்திலைத் தள்ளும்படி என்னிடம் சொன்னார். தள்ளினேன். ரீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு கூட்டிய கூட்டு இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது! தண்ணீர் சுவரில், மண் கண்ணில், கேத்தில் பாதிவழியில். மறுபடி தள்ளச் சொன்னார். அதுவும் பாதிவழியில் நின்றது. மூன்றாம் தரம் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கையைக் கீழை இறக்கிப் பிடியுங்கோ, ரீச்சர். உப்பிடிக் கூட்டினால் நாரி பிடிக்கும்."

தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிவிட்டுக் குடையைச் சுவரில் சாத்தினார். தடியை வாங்கினார். ரீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, நான் என் பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினேன். அம்மா அவசரப்படவே இல்லை. இரண்டு எட்டு, ஒரு இழுவை. இரண்டு எட்டு, ஒரு இழுவை. கேத்தில் சத்தமே இல்லாமல் அவருக்குப் பின்னால் போய், வட்டத்தின் நடுவில் நின்றது. முப்பது பிள்ளைகளும் மண்டபக் கூரை கழன்று விழுகிற மாதிரிக் கத்தினோம். ரீச்சரும் கை தட்டினார். அம்மா திரும்பிப் பார்த்தார், யாருக்குத் தட்டுகிறார்கள் என்று தேடுகிறவர் போல. பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். மண்டபத்துத் தும்புத்தடி மொட்டை, நாளைக்குத் தன்னுடையதைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

விழாவில் கேத்திலின் மூடி கழன்று மண் முழுவதும் அதிபரின் சப்பாத்தில் கொட்டியது வேறு கதை.

இப்போது அந்த மண்டபத்துக்குப் பளபளவென்று மாபிள் பதித்துவிட்டார்கள். அதில் கேத்தில் என்ன, எறும்பே வழுக்கும். மண் காலோடு உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை. வதனி ரீச்சர் மாற்றலாகி வன்னிப் பக்கம் போய்விட்டார். கேத்தில் பழைய இரும்புக்காரனோடு போயிருக்கும். நான் கணக்காளராக வேலைக்குப் போன மாதம் அம்மா சங்கக்கடையை விட்டார்.

போன கிழமை கைபேசியில் அந்த விளையாட்டின் காணொளி ஒன்று தற்செயலாக வந்தது. உண்மையான பனிக்கட்டி, உண்மையான கல். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உந்தப் பிள்ளைக்கும் நாரி பிடிக்கப்போகுது," என்றார் முதலில். பிறகு கைபேசியிலிருந்து கண் எடுக்காமலே கேட்டார்: "அண்டைக்கு எனக்குக் கை தட்டினவை, என்ன?"

"ஓம் அம்மா."

"இருபத்திரண்டு வருசம் கூட்டினனான். அண்டைக்கு ஒருநாள்தான் தட்டினவை. இன்னொருக்காப் போடு."

போட்டேன். பனியில் யாரோ ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டு போக, சனம் எழுந்து நின்று கை தட்டியது.