ஆமென் சொல்லாதவர்

குழாய்க்காரருக்கு ஆமென் சொல்வது மறந்துபோய்ப் பதினோரு வருஷமாகிறது. டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் ஜெபக்கூடம்தான் காரணம். அங்கே இரவு பகலாக யாராவது ஒருவர் ஜெபித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் விடுகிற வாக்கியத்தை அடுத்தவர் பிடித்துக்கொண்டு தொடர்வார். ஆமென் சொன்னால் ஜெபம் முடிந்துவிடும் என்பதால் அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை, ஊரே கண் சொக்கும் நேரம், இவருடையது.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடினால் ஜெபம் எங்கெங்கோ போகும், சோறு ஆறும். மனைவிதான் "ஆமென்!" என்று ஓங்கிப் போட்டு முடித்துவைப்பாள். "ஆண்டவருக்கும் காது வலிக்கும்ல? சாப்பிடுங்க."

அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். மறுநாள் காலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு, ஜெபத்தின் நடுவே, மகளிடமிருந்து செய்தி வந்தது. "நாலரைக்கே உள்ள கொண்டு போறாங்கப்பா. அம்மா உங்கள கேக்கறாங்க. சீக்கிரம் வாங்க."

நாலு மணிக்கு வரவேண்டியவர் ரிட்டயரான தபால்காரர். முப்பது வருஷம் ஊர்க் கடிதத்தையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், தன்னை மட்டும் நேரத்துக்குச் சேர்க்க மாட்டார். மணி நாலு ஐந்து ஆயிற்று. அவர் போன் அணைந்து கிடந்தது. குழாய்க்காரரின் வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, மனம் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டால்? அதற்காகப் பதினோரு வருஷச் சங்கிலியை நானா அறுப்பது?

நாலு பத்துக்கு எழுந்தார். ஜெபத்தை நிறுத்தவில்லை. ஜெபித்தபடியே படியிறங்கினார், ஜெபித்தபடியே பஸ் ஏறினார். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆண்டவரே, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு."

"நான் வெறும் கண்டக்டர்தாங்க," என்று சொல்லிச் சீட்டைக் கிழித்தார் அவர்.

ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் அறை வாசலுக்கே போய்விட்டிருந்தது. ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்தார். அப்போதும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அங்க ஜெபத்துல யாரு இருக்கா?" என்றாள் அவள்.

யாருமில்லை என்று தலையை ஆட்டினார். "ஆண்டவரே, இவ இல்லாம எனக்கு..." அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஜெபம் அந்தரத்தில் நின்றது. இப்போது ஆமென் போட்டுவிடுவாளோ என்று பயந்தார். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

அவள் கண்ணை மூடினாள். "இவ இல்லாம இந்த மனுஷனுக்குக் கண்ணாடி எங்க இருக்குன்னுகூடத் தெரியாது, ஆண்டவரே..."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள்.

"மாத்திரையும் ஒழுங்கா போட மாட்டாரு, ஆண்டவரே..." குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

கதவு மூடியது. கடைசிவரை அவள் ஆமென் சொல்லவில்லை.