மாமனார் அடித்த காற்று

என் தாயாரின் தம்பி காஜா மொய்தீன், 1971-இல் சுராயா மாமியை மணந்து, திருப்போரூரில் மாமனார் வீட்டோடு தங்கினார். மாமனார் ஜெயினுலாபுதீன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், கடையிலும் வீட்டிலும் அவர் சொல்லே முடிவு. மருமகனுக்குத் தனிச் சம்பளம் இல்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும்.

சைக்கிள் எடுக்க வருபவர்கள் முதலில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். எனவே கல்லாக இறுகும் வரை காற்றடிப்பது ஜெயினுலாபுதீனின் வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்கு வெளியே வெயிலில் நின்ற அவர் கடைச் சைக்கிள்களின் டயர்கள், உள்ளே தொழுகை நடக்கும்போதே வெடித்ததுண்டு. முன் சக்கரத்தில் விரல் சற்று அமுங்க வேண்டும், பாரம் விழும் பின் சக்கரம் அதைவிட இறுக்கமாக இருக்கலாம், மிகவும் குறைந்தால் பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்துவிடும், ஆனால் கோடையிலும் தேய்ந்த டயரிலும் கொஞ்சம் குறைத்தே தீர வேண்டும் என்று மாமா ஒருமுறை சொன்னாராம். கடை என்னுடையதா, உன்னுடையதா என்று மாமனார் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அதன்பின் மாமா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

1974 கோடையில், கல்பாக்கத்துக் கட்டுமான வேலையில் ஒரு காண்ட்ராக்டர் ஸ்டோர் காவலுக்கு ஆள் எடுத்தார். சம்பளத்தோடு குடியிருக்க ஓர் அறையும் உண்டு. மனைவியோடு தனிக்குடித்தனம் போக மாமாவுக்கு இருந்த ஒரே வழி அது. மாமனார் மறுக்கவில்லை. சைக்கிள் கடைக்காரன் மாப்பிள்ளை பஸ்ஸில் போவதா என்று மட்டும் கேட்டார். ஆள் எடுக்கும் நாளன்று விடிந்ததும் ஒரு சைக்கிளைத் துடைத்து, தெருவே பார்க்கத் தம் கையால் காற்றடித்து, பிஸ்மில்லா சொல்லி வழியனுப்பினார். பின் டயர் தேய்ந்திருந்ததை மாமா கவனித்தார். மாமனார் அடித்த காற்றை அவர் கண்ணெதிரே இறக்குவது எப்படி?

மாமல்லபுரத்தில் டீ குடிக்க இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. மாமா குனிந்து பின் சக்கரத்து வால்வைத் திருகத் தொடங்கினார். டீக்கடை நைனா முகம்மது, மாமனாருக்குத் தூரத்து உறவு.

“இன்னா மாப்ள, மாமனார் அடிச்ச காத்து புடிக்கலியா? பாய்க்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்து, வால்வைத் திரும்ப இறுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். ஆளில்லாத இடத்தில் இறக்கியிருக்கலாமே என்று பிற்பாடு நான் மாமியிடம் கேட்டேன். திரும்ப அடிக்கக் கையில் பம்பு இல்லை, சாயங்காலம் மாமனார் டயரை அழுத்திப் பார்ப்பார் என்று பயந்தாராம்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. விளிம்பு நெடுகக் கிழிந்திருந்ததால் ஒட்டவும் வழியில்லை. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது ஆள் எடுத்து முடித்திருந்தார்கள்.

திரும்பி வந்தவரை மாமனார் கடியவில்லை. புது டயரைத் தாமே மாட்டினார்.

“டயரு பழசு மாப்ள, தப்பு என்னுது. துன்னுட்டுப் படு. காலைல கடை தொறக்கணும்.”

அவர் கோபித்திருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன் என்று மாமா மாமியிடம் சொன்னாராம்.

மறு ஆண்டு அதே காண்ட்ராக்டர் மீண்டும் ஆள் கேட்டார். புறப்படும் காலையில் மாமனார் பம்போடு வாசலுக்கு வந்தார். மாமா அந்தப் பம்பைப் பார்த்தார். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கடையைத் திறக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார்.