அடித்தல் திருத்தல்

அடையாறில் இருக்கும் என் அக்கா போன வாரம் ஒரு செய்தியை அனுப்பியிருந்தாள். அவள் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "உட்வொர்க் போர்ட்ஃபோலியோல மிஸ்டேக்ஸ் பக்கத்துக்கு யார்கிட்டயாவது மாடல் இருக்கா? நாளைக்கே குடுக்கணுமாம்." கீழே கும்பிடும் கைகள். சற்று நேரத்தில் மாடல்கள் வந்து குவிந்துவிட்டன, எல்லாம் வண்ணத்தில் அச்சடித்தவை. "சிரிப்பா இல்ல?" என்று அக்கா கேட்டிருந்தாள்.

இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. செய்யாத தவறுக்கு மாதிரி கேட்கிறார்கள், அதற்கு நன்றி வேறு சொல்லிக்கொள்கிறார்கள். ஃபோனைக் கவிழ்த்து வைத்த பிறகும் மூக்கில் வஜ்ரம் காயும் நாற்றம் போகவில்லை. வஜ்ரம் தெரியுமல்லவா? மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. டப்பாவில் வெள்ளைப் பசை வந்து வெகுகாலம் ஆன பிறகும், மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கம் இருந்த எங்கள் பள்ளியின் மரவேலை ஷெட்டில் அதைத்தான் உருக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தேதிக் கிறுக்கு உண்டு. வீட்டுக்கு மிக்ஸி வாங்கிய நாளைக்கூட ரசீதோடு வைத்திருப்பவன். இந்த விஷயத்துக்கு ரசீது இல்லை, சாட்சி இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயர் சென்னை ஆகிவிட்ட தொண்ணூற்றாறின் கடைசியில், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய லெட்டர்ஹெட்டை வீணாக்க மனமில்லாமல், அச்சிலிருந்த 'மெட்ராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்து மேலே 'சென்னை' என்று எழுதியிருந்தார்கள். பள்ளிகளுக்கிடையேயான கண்காட்சிக்கு மரவேலைப் பொருளோடு 'டிசைன் போர்ட்ஃபோலியோ'வும் தர வேண்டும். முதலில் தோன்றிய யோசனை, நேர்ந்த தவறு, அதைத் திருத்திய விதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இது கண்காட்சிக்காரர்களின் நிபந்தனை. அதன்கீழே எங்கள் பள்ளி தானாக ஒரு வரி சேர்த்து அடிக்கோடிட்டிருந்தது: 'அடித்தல் திருத்தல் இன்றி ஃபேராக எழுத வேண்டும்.'

ஊரின் பெயரையே அடித்துத் திருத்திய தாளில்!

கிராஃப்ட் சார் அதை "போர்ட்போலியோ" என்று வாசித்தார். தெருத்தெருவாகச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். பக்கத்து பெஞ்சுப் பிரபு எழுந்து, "ரெண்டு சொட்டு போட்டா வராது சார்" என்றான். ஸ்டீல் ஸ்கேல் அவன் முதுகில் இறங்கியது. அந்த வகுப்பில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

நான் செய்ய நினைத்தது ஒரு புத்தகத் தாங்கி. அம்மாவுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் காலர் மாட்டிவிட்டிருந்தார். அம்மா அதைப் 'பட்டை' என்பாள். குனியக்கூடாது. வாடகை நூலகத்து மாத நாவல்தான் அவளுக்கிருந்த ஒரே சுகம், அதுவும் போயிற்று. தலையணைமேல் தலையணை அடுக்கிப் புத்தகத்தை நிறுத்துவாள். பக்கம் திருப்பினால் எல்லாம் சரியும். "கொலை பண்ணவன் தப்பிச்சிட்டான்டா, எடுத்துக் குடு" என்று கூப்பிடுவாள்.

சுவரில் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, பக்கத்தில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னல் வெயிலில் விழுந்த நிழலைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறியத்தான். முதல் கணக்கே தப்பு. பட்டையோடு இருந்த உயரம் வேறு, ராத்திரி அதைக் கழற்றிவிட்டுப் படிக்கும் உயரம் வேறு. இன்னொரு நிழல், பழைய கோட்டின்மேலேயே. அட்டையில் மாதிரி செய்தேன், புத்தகம் வழுக்கியது. கீழே நீளமாக ஒரு சட்டம் வைத்தேன். அம்மா படித்துப் பார்த்து, "கடைசி வரி மறையுதுடா. அவன் பேர அங்கதான் போட்டிருப்பான்" என்றாள். சட்டத்தை அடித்துவிட்டு, இரண்டு மூலையிலும் குட்டையாக ஒரு முளை வரைந்தேன். புத்தகம் நின்றது, கடைசி வரியும் தெரிந்தது. அந்தத் தாள்களை அப்படியே மடித்து ஃபைலில் கோத்தேன். போர்ட்ஃபோலியோ என்றால் இதுதான் என்று ஒரு மடையன் நம்பினான்.

மற்றவர்கள் விவரமானவர்கள். பிரபு முதலில் பேனா ஸ்டாண்டைச் செய்து முடித்தான். பிறகு கோணலான இரண்டு பேனா ஸ்டாண்டுகளை அழகாக வரைந்து, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டான். சார் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். "தப்பைக்கூட எவ்ளோ நீட்டா பண்ணிருக்கான் பாருங்கடா!"

என் ஃபைலைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. "என்னடா இது, பஜ்ஜி மடிச்ச பேப்பரா?"

"அளவு எடுத்தது சார். எங்கம்மா நிழல்."

"ரஃப்புதானே? ஃபேர் பண்ணிட்டு வா. அம்மாவுக்கு என்ன, நாளைக்கும் உக்காருவாங்க."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சார் ஃபைல் கயிற்றை அவிழ்த்து, தாள்களை உருவி, குறுக்கே கிழித்து, வஜ்ரச் சட்டி அடுப்பில் இழைப்புச் சுருளோடு சேர்த்துத் தள்ளினார். கோபத்தில்கூட இல்லை, மேஜையைத் துடைப்பதுபோல.

"இன்னாடா மச்சி, ரஃப்புக்குப் போயி அழுவுற? இன்னொண்ணு கிறுக்கிக்கலாம்" என்றான் பிரபு.

"அது எங்கம்மாடா."



வீட்டுக்கு வந்து அம்மாவை மறுபடியும் உட்காரச் சொன்னேன். "ஒரு தடவ உக்காந்ததே போதும்டா. அந்தப் பட்டையோட என்னைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. சார் கேட்டபடி எதையாவது வரைஞ்சு குடுத்துடு." கொடுத்தேன். பிரபுவுக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஆசிரியர்களின் கார்கள் நிற்கின்றன. வாடகை நூலகம் செல்ஃபோன் கடையாகி, அதுவும் மூடிவிட்டது. தாங்கி என் மேஜையில் இருக்கிறது. வருகிறவர்கள் கீழ்ச்சட்டம் எங்கே, உடைந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். கேட்டுச் சிரிக்க அம்மா இல்லை. அந்த வருஷங்களின் ஃபோட்டோ ஒவ்வொன்றையும் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றிலும் பட்டை கிடையாது. கேமராவைப் பார்த்ததும் கழற்றிவிடுவாள். பட்டையோடு அவள் உட்கார்ந்திருந்தது அப்படியே பதிந்திருந்தது அந்தச் செய்தித்தாள்களில் மட்டும்தான்.

ஃபேர் ஃபைல் பத்திரமாக இருக்கிறது, ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. அதில் நாற்காலியில் ஓர் உருவம், உயிரியல் புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்தது. கழுத்து நேராக இருக்கிறது. அது யாருடைய கழுத்தும் இல்லை.