இரண்டு முறை திறந்த படம்

நான்கு வருடங்களுக்கு முன், ஹட்டன் நகரில் போட்டோகாப்பி எடுத்து, படம் அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மழை விடாத ஒரு காலை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, பொலித்தீன் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. திவசத்துக்குப் பெரிய படம் வேண்டும். கணவரின் படங்கள் எல்லாம் தன் தம்பியின் கணினியில் இருந்தனவாம். தம்பி கட்டாருக்குப் போகுமுன் அவற்றை இந்த டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, கணினியை விற்றுவிட்டாராம்.

டிஸ்க்கைச் செருகினேன். இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. கடையில் கூட்டம். எந்தக் கேள்விக்கும் சம்மதம் சொல்லியே பழகிய கை எனக்கு. உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று அடுத்து வந்த எச்சரிக்கையையும் படிக்காமல் அழுத்தினேன். சில விநாடிகளில் டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

தம்பியின் கணினி லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடியது, அதில் தயாரான டிஸ்க்கை எங்கள் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

டிஸ்க் காலியாகத்தான் இருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான்தான் தெரியாம அழிச்சிட்டேங்க."

அவர் திட்டவில்லை. திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "இனி வராதா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ ஏன் அழுவுற? யார்கிட்டயாவது கேட்டுப் பாப்போம், வா."

எதிர்ப்பக்கத்தில் கணினி திருத்தும் சிங்கள அண்ணன் ஒருவர் இருந்தார். மழையோடு இருவரும் ஓடினோம். டிஸ்க்கை வாங்கிப் பார்த்தவர், "இனி இதுல ஒண்ணும் போட வேணாம். போட்டா பழசு போயிரும். மூணு நாள் தாங்க, பாக்கலாம்" என்றார்.



நான்காம் நாள் அக்கா வேலைக்குப் போகாமல் வந்தார். பாதிப் படங்கள் மீண்டிருந்தன, பெயர்கள் போய் வெறும் எண்களோடு. அண்ணனுக்கு வேறு வேலை இருந்ததால் மவுஸை என் பக்கம் தள்ளிவிட்டார். அவருடைய கணினியும் லினக்ஸ்தான். அதில் ஒருமுறை க்ளிக் செய்தாலே போதும். நான் பழக்கதோஷத்தில் இருமுறை தட்ட, ஒரே படம் இரண்டு தடவை திறந்தது. கம்பளிச் சட்டையோடு சிரிக்கும் அக்காவின் கணவர். பக்கத்தில் மறுபடியும் அவரே.

பதறிப்போய் ஒன்றை மூடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாத தங்கச்சி. ரெண்டு பேரா இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மீளாத மற்றப் பாதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று யாராவது என் முன்னால் வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நின்றால், திட்ட வாயெடுக்குமுன், என் கையைத் தட்டிவிடாமல் பிடித்துக்கொண்ட அந்த அக்காவின் கை நினைவுக்கு வந்துவிடுகிறது.